கொல்லையில் நாலு கோழி: வளர்க்கலாமா, வேண்டாமா?

கேள்வி (வாசல்படி):
வீட்டுக்குப் பின்னால 20 அடிக்கு 15 அடி காலி இடம் இருக்கு. முட்டைக்காக மட்டும் நாலு பெட்டைக்கோழி வளர்க்கலாமான்னு யோசனை. ரெண்டு பேரும் காலை 8 மணிக்குக் கிளம்பினா திரும்ப மாலை 6, 7 ஆகிடும். 3 வயசுக் குழந்தை இருக்கு. பக்கத்து வீட்டு ஜன்னல் ரொம்பக் கிட்ட. முட்டைக் கணக்கு, நாற்றம், நேரம் மூணையும் பத்தி பூசி மெழுகாம சொல்லுங்க. சேவல் இல்லாம முட்டை வைக்குமா?

பதில் 1 (தவிடு):
வைக்கும். சேவல் வேண்டியது குஞ்சுக்குத்தான், முட்டைக்கு இல்லை. ஜன்னல் கிட்ட இருக்குன்னா சேவலை நினைச்சும் பார்க்காதீங்க, விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். பெட்டையும் ஊமை இல்லை. முட்டையிட்டதும் கொஞ்ச நேரம் கொக்கரிக்கும், ஆனா அது பகல்ல.

முட்டைக் கணக்கைத் தீவனத்தை வச்சுப் போடுங்க. வளர்ந்த கோழி ஒண்ணு நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். நாலுக்கு மாசம் சுமார் 14 கிலோ. நல்லா முட்டையிடுற கலப்பினக் கோழி வாரம் 5, 6 முட்டை தரும், அதாவது ஒரு முட்டைக்கு 150 கிராம் தீவனம். வருஷத்துக்கு 80 முட்டை வைக்கிற நாட்டுக்கோழியை அடைச்சு வச்சு முழுத் தீவனம் போட்டா ஒரு முட்டைக்கு அரைக்கிலோ ஆகிடும். நாட்டுக்கோழி கட்டுப்படியாகறது அது மேய்ஞ்சு பாதி வயிறை நிரப்பிக்கிறதால. உங்க இடத்துல அவ்வளவு மேய்ச்சல் கிடைக்காது, நாலு கோழி சில வாரத்துல புல்லைச் சுத்தமா கிளறிடும்.

இன்னொண்ணு, வருஷம் முழுக்க முட்டை வராது. இறகு உதிர்க்கும்போது ரெண்டு, மூணு மாசம் நின்னுடும். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறைஞ்சாலும் குறையும். அடைக்கு உட்கார்ந்தாலும் நின்னுடும், நாட்டுக்கோழிக்கு இந்தக் குணம் அதிகம். முதல் ரெண்டு வருஷம்தான் உச்சம். கோழியோ 6, 7 வருஷம்கூட உயிரோட இருக்கும். முட்டை நின்ன கோழியை என்ன செய்யப் போறீங்கன்னு வாங்கறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசிடுங்க. பல வீட்டுல சண்டை அங்கதான் வருது.

பதில் 2 (மரவேலை):
உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது கூண்டுதான். கோழி இருட்டும் நேரத்தில் தானாகவே வந்து அடையும், ஆனால் கதவை யாராவது சாத்த வேண்டும். நீங்கள் 7 மணிக்கு வருகிறீர்கள், 6 மணிக்கே இருட்டிவிட்டால், நாய் புகுந்து கோழியைப் பிடிக்க அந்த ஒரு மணி நேரம் போதும். அதனால் "பகலில் திறந்து விடுவோம், இரவில் அடைப்போம்" என்ற முறை வேண்டாம். இரவுக் கூண்டும் பகல் அடைப்பும் சேர்ந்தே இருக்கட்டும். பகல் அடைப்புக்கும் மேலே கம்பி போட்டு மூடிவிடுங்கள். அப்போது கதவு சாத்துவதை நம்பி இருக்க வேண்டியதில்லை.

அளவு: நாலு கோழிக்கு இரவுக் கூண்டு 4 அடிக்கு 4 அடி, பகல் அடைப்பு குறைந்தது 40 சதுர அடி. இடம் இருப்பதால் 80 ஆக்குங்கள். நெருக்கடிதான் ஒன்றையொன்று கொத்துவதற்கு முதல் காரணம்.

கம்பி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே நிறுத்தாது, கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள், எலியும் நுழையாது. தோண்டி வருகிற பிராணிகள் சுவரோரத்தில்தான் தோண்டும். எனவே அதே மெஷ்ஷை அடியில் வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்துத் தரையில் விரித்து மேலே மண் போடுங்கள். செங்குத்தாகப் புதைப்பதைவிட வேலை குறைவு. தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும் வேண்டும்.

அடையும் கட்டை 2 அங்குல அகலம், முனை மழுங்கியது, கோழிக்கு 10 அங்குலம் வீதம் 4 அடி நீளம் போதும். முட்டைப் பெட்டியைவிடக் கட்டை உயரமாக இருக்க வேண்டும். மாறிப்போனால் பெட்டியிலேயே படுத்து எச்சமிட்டு முட்டையை அழுக்காக்கும். பெட்டி 12 அங்குலக் கனசதுரம், நாலு கோழிக்கு இரண்டு. ஒன்றில்தான் எல்லாம் வரிசையில் நிற்கும், அது வேறு விஷயம். காற்றுத் திறப்பு, கட்டையில் உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேலே வர வேண்டும். ஈரக்காற்று மேலே ஏறி வெளியேறும், காற்று நேரே உடம்பில் அடிக்காது.

பதில் 3 (ஆழ்கூளம்):
நாற்றம் எச்சத்தால வரதில்லை, ஈர எச்சத்தால வருது. காஞ்ச எச்சம் பெரிசா மணக்காது. தரையில உமி அல்லது மரத்தூள் 4 அங்குலம் போட்டு, வாரம் ரெண்டு தரம் கிளறி விடுங்க, ஈரம் கண்ட இடத்தை அள்ளிட்டுப் புதுசா போடுங்க. ஈரத்துக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணிப் பாத்திரம்தான். அதைக் கோழி முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்க, சிந்தறது பாதி குறையும். தீவனத் தட்டுக்கும் இதே உயரம். குனிஞ்சு கூண்டுக்குள்ள தலையை நீட்டும்போது கண் எரிஞ்சா அது அம்மோனியா. உங்களுக்கு முன்னாடி கோழியோட மூச்சுக்குழாய் கெட ஆரம்பிச்சிருக்கும்.

நாலு கோழி நாளுக்கு அரைக்கிலோ பக்கம் எச்சம் போடும். அப்படியே செடிக்குப் போட்டா வேர் கருகும். காஞ்ச சருகோட சேர்த்துச் சில மாசம் மட்க விடணும். அந்தக் குவியலுக்கும் உங்க 300 சதுர அடியில இடம் ஒதுக்குங்க, ஜன்னலுக்கு எதிர்மூலையில.

நோயில மறக்கக் கூடாதது வெள்ளைக் கழிச்சல். வந்துட்டா மருந்து கிடையாது, கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு கூட்டமே போயிடும். தடுப்பூசி மட்டும்தான் வழி. சிக்கல் என்னன்னா தடுப்பூசிக் குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்குன்னுதான் வரும், குளிர்ல வச்சிருக்கணும், கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். நாலு கோழிக்காரங்க கால்நடை மருத்துவமனையில முகாம் நாள் கேட்டுட்டுப் போறது நல்லது.

குழந்தை விஷயம்: ஆரோக்கியமா தெரியற கோழிகிட்டயும் சால்மோனெல்லாங்கற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். 5 வயசுக்குள்ள குழந்தைங்க கோழியையும் கூண்டையும் தொடாம பார்த்துக்கோங்க, தொட்டா உடனே சோப்புப் போட்டுக் கை கழுவணும். முட்டையைக் குளிர்ந்த தண்ணியில ஊற வைக்காதீங்க, உள்ளே இருக்கறது சுருங்கி ஓட்டுத் துளை வழியா அழுக்கை உறிஞ்சும். காஞ்ச துணியால துடைச்சா போதும்.

பதில் 4 (கிழக்குவேலி):
எல்லாரும் எப்படி வளர்க்கறதுன்னு சொல்றீங்க, கேட்டது வளர்க்கலாமான்னு. நேரக் கணக்கு: காலையில தீவனம், தண்ணி, ஒரு பார்வை, 10 நிமிஷம். மாலை முட்டை எடுத்து மீதித் தீவனத்தை மூடி போட்ட டப்பாவுக்கு மாத்த 5 நிமிஷம், இதை விட்டா எலி குடியேறும். வாரம் ஒரு மணி நேரம் கூளத்தை, அதாவது தரையில போட்ட உமியைக் கிளறிச் சுத்தம் பண்ண. இது நடக்கும். நடக்காதது வெளியூர்ப் பயணம். வெயில்ல ஒரு கோழி நாளுக்கு அரை லிட்டர் வரை குடிக்கும், ரெண்டு நாள் யாரும் பார்க்கலேன்னா செத்துடும். நம்பி விட ஒரு ஆள் இல்லேன்னா வேண்டாம். முதல்ல உள்ளாட்சி விதியையும் வாடகை ஒப்பந்தத்தையும் பாருங்க, அப்புறம் பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை. கூண்டு கட்டின பிறகு கேட்கறது கேட்கறது இல்லை.

வாசல்படி:
எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. குஞ்சா வாங்கறதா, வளர்ந்ததா?

தவிடு:
பகல்ல ஆளில்லாத வீட்டுக்குக் குஞ்சு ஒத்து வராது. முதல் வாரம் 35 டிகிரி சூடு வேணும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கணும், நடுவுல மின்சாரம் போனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிடும். பெட்டையா சேவலாங்கறதும் தெரியாது. 16 வாரத்துப் பெட்டையா, நாலையும் ஒரே இடத்துல, ஒரே நாள்ல வாங்குங்க. தனித்தனியா சேர்த்தா ஒவ்வொரு தடவையும் கொத்திச் சண்டை போட்டு எது மேல, எது கீழன்னு வரிசை போடும், நோயும் சேர்ந்து வரும். தடுப்பூசி போட்ட தேதியை எழுதி வாங்குங்க. மூக்குல சளி, கண்ணுல நுரை, ஆசனவாய்ப் பக்கம் எச்சம் ஒட்டின கோழி வேண்டாம். இறக்கைக்கு அடியிலயும் வால் அடியிலயும் இறகை விலக்கிப் பேன் பாருங்க.

கொண்டு வந்ததும் முட்டைக்கோழித் தீவனம் போட்டுடாதீங்க. அதுல சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம், முட்டையிடாத கோழிக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொண்டை சிவந்து, முதுகுல கை வச்சா குந்தி உட்கார ஆரம்பிச்சதும் மாத்துங்க. கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டுல வச்சுடுங்க, வேண்டியது எடுத்துக்கும். முதல் வாரம் முழுக்கக் கூண்டை விட்டு வெளிய விடாதீங்க, அப்பத்தான் அடையற இடம் மனசுல பதியும்.

மரவேலை:
மெஷ் அடிக்கும்போது ஆணியை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்க்ரூவும் வாஷரும், 6 அங்குலத்துக்கு ஒன்று.