மிரர்லெஸ் வாங்குவதா, பாக்கெட் கேமரா வாங்குவதா? வியாழனுக்குள் முடிவு செய்ய வேண்டும்

அலைவாய் (திங்கள், இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா வாங்குவதா, சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் வாங்குவதா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். துபாயிலிருந்து அத்தான் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார். வியாழன் மாலைக்குள் பெயரைச் சொல்லிவிட்டால் அவரே வாங்கி வந்துவிடுவார். இரண்டில் எது நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மிகவும் அவசரம்.

தேரூர்க்குளம் (திங்கள், இரவு 11.05)

தம்பி, எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதையே சொல்லவில்லையே. இந்தக் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கேமரா வாங்குபவர் பறவைகளை எடுக்காமல் இருக்க முடியாது என்பது என் எண்ணம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. வலசைக் காலத்தில் அங்கே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் நிற்கும் தொலைவுக்குக் காம்பாக்ட் எட்டாது. கேனான் ஆர்50 போன்ற சிறிய மிரர்லெஸ் ஒன்றையும் 635 கிராம் மட்டுமே எடையுள்ள 100-400 மி.மீ. லென்ஸையும் வாங்குங்கள், அந்தக் கேமராவின் சென்சாரில் (உள்ளே ஒளி விழுந்து படம் பதியும் தகடு) 400 மி.மீ. என்பது 640 மி.மீ. அளவுக்கு நெருங்கித் தெரியும். நான் மூன்று ஆண்டுகளாக இதைத்தான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

இருபத்தெட்டு (திங்கள், இரவு 11.30)

பறவைகளை எடுக்கப் போவதாக அவர் எங்கும் சொல்லவில்லை. எப்போதும் உடன் இருக்கும் கேமராவே படம் எடுக்கும் கேமரா. ரிக்கோ ஜிஆர் 3 வெறும் 257 கிராம்தான்; ஆனாலும் பல மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சார் அதற்குள் இருக்கிறது. 28 மி.மீ. பார்வை கொண்ட ஒரே லென்ஸ், ஜூம் கிடையாது. அதை வைத்துக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனை வாசலிலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் வரை சுற்றியிருக்கிறேன். ஒருநாள்கூட வேறு லென்ஸுக்கு ஏங்கியதில்லை. பணத்துக்கு வரம்பு எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.

ஒளிக்கூடம் (செவ்வாய், காலை 6.50)

முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்படிக் கேள்வி கேட்பவர்கள் முதலில் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று எப்படி இழுக்கின்றன என்பதைப் படித்துவிட்டு வர வேண்டும். அது தெரியாதவர் கையில் எந்தக் கேமராவைக் கொடுத்தாலும் அது போனுக்கு மேல் ஒன்றும் செய்யாது. தெரிந்தவருக்கு, ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் தவிர வேறு எதுவும் தேவைப்படாது. காம்பாக்ட் என்பது சுற்றுலா வந்தவர்கள் திருவள்ளுவர் சிலைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொள்வதற்கு உரிய பொருள். தம்பியின் வரம்பு, பயன்பாடு, இப்போது கையில் இருக்கும் போன், இவை மூன்றும் தெரியாமல் இதற்கு மேல் பேசுவது வீண்.

தோவாளைப்பூ (செவ்வாய், காலை 7.35)

ஒளிக்கூடம் அண்ணாச்சி, கேட்கத் தெரியாமல் கேட்பவரைத் திருப்பி அனுப்பிவிட்டால் அவர் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்? அலைவாய், பதற்றப்படாமல் இவற்றை மட்டும் சொல்லுங்கள்: வரம்பு எவ்வளவு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் எடுப்பீர்கள், படத்தை அச்சிடுவீர்களா, போன் ஏன் போதவில்லை.

அலைவாய் (செவ்வாய், மதியம் 1.15)

மன்னிக்கவும், இவையெல்லாம் சொல்லாமலே புரியும் என்று நினைத்துவிட்டேன். வரம்பு எழுபதாயிரம். எடுக்கப் போவது அப்பாவை. அவர் பைபர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். இந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார். அவர் வலை விடுவதையும் திரும்ப இழுத்து வாங்குவதையும் நான் இதுவரை ஒரு முறைகூடப் படம் எடுத்ததில்லை. விடியுமுன் கிளம்பி அவருடன் நாலைந்து முறையாவது போய்வர வேண்டும். அச்சிட்டு ஒரு ஆல்பமாக வீட்டில் வைக்க வேண்டும். போன் கொண்டுபோய்ப் பார்த்தேன். திரை நனைந்துவிட்டால் விரலுக்குக் கட்டுப்படுவதே இல்லை.

தேரூர்க்குளம் (செவ்வாய், மதியம் 1.40)

வள்ளத்திலா? நான் குளக்கரையை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். அத்தனை நெருக்கத்தில் 400 மி.மீ. லென்ஸால் அப்பாவின் காதைத்தான் எடுக்க முடியும். என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் மிரர்லெஸ் வாங்கினால் பின்னாளில் லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஒளிக்கூடம் (செவ்வாய், மாலை 4.20)

விடியுமுன் எடுக்கப் போகிறார் என்றால் நான் சொன்னதுதான் சரி. குறைந்த ஒளிக்குப் பெரிய சென்சார் வேண்டும். எழுபதாயிரத்தில் ஃபுல் ஃபிரேம் வராது என்பதால் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் ஒன்றை, அதனுடன் வரும் 18-45 மி.மீ. லென்ஸோடு வாங்கட்டும். காம்பாக்ட்டின் சின்னச் சென்சார் அந்த நேரத்தில் வெறும் புள்ளிகளைத்தான் கொடுக்கும்.

தோவாளைப்பூ (செவ்வாய், இரவு 8.10)

இந்த ஒரு இடத்தில் நான் உடன்படவில்லை. பள்ளியில் இயற்பியல் நடத்துபவள் என்பதால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். கேனானின் ஏபிஎஸ்-சி சென்சார் 22.3க்கு 14.9 மி.மீ., பரப்பு ஏறத்தாழ 332 சதுர மி.மீ.; கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3 போன்ற காம்பாக்ட்டில் உள்ள, ஒரு அங்குலம் என்று பெயருக்குச் சொல்லப்படும் சென்சார் 13.2க்கு 8.8 மி.மீ., பரப்பு 116. பெரியது 2.86 மடங்கு கூடுதல் ஒளியை வாங்கும் என்பது உண்மை, ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒரே திறப்புள்ள லென்ஸ் இருந்தால் மட்டும்தான். 18-45 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 4.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதாக இருந்தால் திறப்பு பெரிது). அந்தக் காம்பாக்ட்டின் லென்ஸோ எஃப் 1.8 வரை திறக்கும். 4.5ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 6.25; அதைப் பெரிய சென்சாரின் 2.86ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.2. ஆகவே அண்ணாச்சி சொல்லும் மிரர்லெஸ்ஸைவிட அந்தக் காம்பாக்ட்தான் அதே ஷட்டர் வேகத்தில் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான ஒளியைச் சேர்க்கிறது. அதே மிரர்லெஸ்ஸில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒளிக்கூடம் (செவ்வாய், இரவு 9.00)

டீச்சர், எஃப் 1.8 என்பது எந்தக் கேமராவிலும் எஃப் 1.8தான். எக்ஸ்போஷர் மாறாது. ஒளிமானியை வைத்து அளந்து பாருங்கள்.

தோவாளைப்பூ (செவ்வாய், இரவு 9.25)

எக்ஸ்போஷர் மாறாது என்பதை நான் மறுக்கவே இல்லை. ஒரே மழையில் ஒரு குடத்தையும் ஒரு செம்பையும் முற்றத்தில் வைத்தால் இரண்டின் மேலும் ஒரே மழைதான் பெய்கிறது. ஆனால் குடத்தில் சேரும் தண்ணீர் அதிகம். எக்ஸ்போஷர் என்பது மழையின் அடர்த்தி. படத்தில் புள்ளி விழுவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாத்திரத்தில் சேர்ந்த மொத்தத் தண்ணீர். அதனால் சென்சார், லென்ஸ் ஆகிய இரண்டையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். பெட்டியோடு வரும் லென்ஸைக் கணக்கில் கொள்ளாமல் மிரர்லெஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்துபோனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இருபத்தெட்டு (செவ்வாய், இரவு 9.50)

ஜிஆர் 3இல் ஏபிஎஸ்-சி சென்சாரும் எஃப் 2.8 லென்ஸும் ஒன்றாக இருக்கின்றன. இந்தச் சண்டைக்கே இடமில்லை.

திருகாணி (புதன், காலை 9.30)

கேமரா பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் மேசைக்கு வந்து சேரும் பெட்டிகளை வைத்துப் பேசுகிறேன். சென்சார் பரப்பைப் பற்றி இருவரும் சொன்னதில் டீச்சர் சொன்னது சரி. ஆனால் இந்தத் தம்பிக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி உப்பு.

கடற்காற்றில் வரும் உப்புத் துகள் உலர்ந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. காற்றில் ஈரம் குறையும் நாள்கள் சொற்பம். உப்பும் ஈரமும் சேர்ந்தால் பேட்டரித் தொடுமுனை, லென்ஸ் மாட்டும் இடத்திலுள்ள செம்புத் தொடுமுனை, உள்ளே இருக்கும் நாடா இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பச்சை பூத்துவிடும். அப்படி வந்த கேமராவைச் சரிசெய்ய முடியாமல் நான் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்தேதான் அனுப்பியிருக்கிறேன்.

ஜூம் காம்பாக்ட்டுகளின் லென்ஸ் ஒவ்வொரு முறையும் குழாய் குழாயாக வெளியே நீண்டு, பிறகு உள்ளே போகிறது. நீளும்போது காற்றை உள்ளிழுக்கும். அதோடு மணலும் உப்பும் போகும். ஒரு மணல் பருக்கை குழாய்க்கு இடையில் சிக்கினால் லென்ஸ் பாதியில் நின்றுவிடும். சொத்தவிளை, சங்குத்துறை போய்வந்தவர்கள் கொண்டுவரும் காம்பாக்ட்டுகளில் இதுதான் முதல் நோய். ஜிஆர் 3 லென்ஸும் உள்ளிருந்து வெளியே வருவதுதான். அதற்கும் நீர்த்தடுப்பு கிடையாது. சென்சாரில் தூசி படிந்து என்னிடம் வந்திருக்கிறது. ஆர்50க்கும் நீர்த்தடுப்பு இல்லை. மேலும், ஆடும் வள்ளத்தில், காற்றில், ஈரக்கையோடு லென்ஸ் மாற்றுவதை நினைத்துப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

இத்தனையும் தாங்கும் மிரர்லெஸ் உண்டு. ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 ஐபி53 தரத்தில் தூசிக்கும் தெறிப்புக்கும் காப்பு உள்ளது. ஆனால் அதற்கேற்ற காப்புள்ள லென்ஸும் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே நான் சொல்வது அதே நிறுவனத்தின் டிஜி-7 என்ற காம்பாக்ட். 2023இல் வந்தது. 15 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது, எடை 249 கிராம், லென்ஸ் வெளியே நீளுவதே இல்லை, 25 மி.மீ. முதல் 100 மி.மீ. வரையிலான ஜூம் உள்ளுக்குள்ளேயே நகரும்.

ஒளிக்கூடம் (புதன், காலை 10.15)

அந்தக் கேமராவில் ஷட்டர் வேகத்தை நாமே அமைக்கும் முறையே கிடையாது என்பதை ஏன் சொல்லவில்லை? சென்சாரும் விரல் நகத்தளவு.

திருகாணி (புதன், காலை 10.50)

சரியான கேள்வி, அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. சென்சார் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ.தான். டீச்சரின் கணக்கையே போட்டால், எஃப் 2 திறப்பில் அது சேர்க்கும் ஒளி ஜி7எக்ஸ் சேர்ப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. கிழக்கு வெளுக்கும் முன் எடுக்கும் படங்களில் புள்ளி விழத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை. ஆனால் வலை வாங்குவது வெளிச்சம் வந்த பிறகு நடந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அலைவாய், உங்கள் அப்பா வலை வாங்குவது எத்தனை மணிக்கு?

தோவாளைப்பூ (புதன், மதியம் 12.30)

திருகாணி அண்ணாச்சி சொன்ன உப்பை நான் கணக்கில் கொள்ளவே இல்லை. வெளிச்சம் வந்த பிறகுதான் வேலை என்றால் நானும் டிஜி-7ஐத்தான் சொல்வேன். ஷட்டர் வேகத்துக்கு ஒரு வழி உண்டு: திறப்பு முன்னுரிமை முறையில் எஃப் 2இல் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை நாமே 400, 800 என்று உயர்த்தினால் ஷட்டர் தானாக வேகமெடுக்கும். ஆடும் வள்ளத்தில் ஷட்டரை 1/250 நொடியைவிட மெதுவாகப் போக விடாதீர்கள். கேமராவில் உள்ள அதிர்வுத் தடுப்பு கை நடுக்கத்தைத்தான் குறைக்கும். வலை இழுக்கும் கையின் அசைவை அது நிறுத்தாது.

தேரூர்க்குளம் (புதன், மாலை 6.05)

எதை வாங்கினாலும் வீட்டில் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தால் ஈரம் அண்டாது.

திருகாணி (புதன், மாலை 6.40)

தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். அரிசித் தூசியைச் சென்சாரிலிருந்து எடுக்கும் வேலை பெரும் வேலை. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் புதியதை மாற்றுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடித்த பிறகு வருந்திப் பயனில்லை.

இருபத்தெட்டு (வியாழன், மதியம் 3.00)

இன்று மாலைதான் கெடு. அலைவாய் எங்கே போனார்?

தோவாளைப்பூ (வியாழன், இரவு 9.15)

கடலுக்குப் போயிருப்பார். அலைவாய், அங்கே வாங்கும் கேமராவின் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதை அத்தானைக் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

அலைவாய் (பத்து நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8.30)

தாமதத்துக்கு மன்னிக்கவும். டிஜி-7 வந்துவிட்டது. நேற்று அப்பாவுடன் போனேன். விடியுமுன் எடுத்தவை திருகாணி அண்ணாச்சி சொன்னதுபோலப் புள்ளி புள்ளியாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் வலை வாங்கும்போது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. இரண்டு முறை அலை மேலே அடித்து நானும் கேமராவும் முழுக்க நனைந்தோம், ஒன்றும் ஆகவில்லை. அப்பா படங்களைப் பார்த்துவிட்டு, வலையின் கண்ணிகூடத் தெரிகிறதே என்றார். அனைவருக்கும் நன்றி.

ஒளிக்கூடம் (ஞாயிறு, இரவு 9.10)

ரா கோப்பாக (சென்சார் பதிந்தது அப்படியே) எடுத்தீர்களா, ஜேபெக்கா (கேமராவே பதப்படுத்திச் சுருக்கியது)? ராவாக இருந்தால் விடியுமுன் எடுத்தவற்றையும் ஓரளவு மீட்கலாம். கோப்பை அனுப்புங்கள், நான் செய்து தருகிறேன்.

திருகாணி (ஞாயிறு, இரவு 9.45)

தம்பி, கரையேறியதும் பேட்டரி மூடியைத் திறக்காமலே கேமராவை நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைத்து, துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். முழுவதும் உலர்ந்த பிறகு மட்டும் மூடியைத் திறந்து, அதன் உட்புற ரப்பர் வளையத்தில் ஒரு மணலோ தலைமுடியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முடி இருந்தாலும் அந்த வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். நேற்று இதைச் செய்யாமல் விட்டிருந்தால் இன்றைக்கே செய்துவிடுங்கள்.