மறு: ஃப்ளை ஃபிஷிங் – ‘ஈ மீன்பிடித்தல்’ சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கேட்ஸ்கில் மலைப்பகுதியின் ஃப்ளை ஃபிஷிங் அருங்காட்சியகம் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் நண்பர், முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சியைப்போலக் காட்டி மீன் பிடிக்கும் அந்த முறைக்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டு இரண்டு நாளாகக் காத்திருக்கிறார். நாம் இன்னும் ஈயை விட்டு நகரவில்லை.

> ஃப்ளை என்றால் ஈ. ‘ஈ மீன்பிடித்தல்’ என்றே போடலாம். நேரானது, எளியது.

நேரானதுதான். ஆனால் படிக்கிறவர் மனத்தில் வருவது மாம்பழத்தில் மொய்க்கிற ஈ. ‘உலர் ஈ’, ‘ஈர ஈ’ என்று அதன் வகைகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும். கேட்ஸ்கில் ஆறுகளில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் தேடுவது வீட்டு ஈயை அல்ல. தண்ணீருக்குள் வளர்ந்து, சிறகு முளைத்து மேலே வந்து, ஓரிரு நாளில் மடிந்துபோகிற மெல்லிய பூச்சிகள் அவை. (‘ஈசல் தூண்டில்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகு. ஆனால் ஈசல் கறையான் குடும்பம், பூச்சியியல்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.)

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். அருங்காட்சியகம் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், லிவிங்ஸ்டன் மேனர் என்ற சிற்றூரில், வில்லோவீமாக் ஓடைக்கரையில். அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் செயற்கைப் பூச்சிகளில் பல நம் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். ‘குவில் கார்டன்’ என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மயில் பீலியின் கண்ணிலிருந்து ஓர் இழையை உருவி, அதன் தூவியை நகத்தால் சுரண்டிவிட்டால் ஓர் ஓரம் கறுத்தும் மறு ஓரம் வெளுத்தும் இருக்கும். அதைத் தூண்டில் முள்ளின் தண்டில் நெருக்கமாகச் சுற்றினால் பூச்சியின் வயிற்று வரிகள் அப்படியே வந்துவிடும். சிறகுக்குக் காட்டு வாத்தின் விலா இறகு. முன்பக்கம் சேவலின் கழுத்திறகு ஒன்றைச் சுற்றினால் இழைகள் சக்கரத்தின் ஆரக்கால்போல விரியும். அந்த நுனிகளை ஊன்றித்தான் அது தண்ணீர்மேல் நிற்கிறது. இத்தனையையும் பிடித்துவைப்பது ஒரு பட்டு நூல்.

ஆகவே ‘ஈ தயாரிப்பு’ என்று மொழிபெயர்த்திருப்பதை ‘பூச்சி கட்டுதல்’ என்று மாற்றிவிடுங்கள். கோயில் வாசலில் பூக்கட்டுகிறவரின் விரலும் நாரும் போகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. ஆங்கிலத்திலும் அந்த வேலைக்குக் ‘கட்டுதல்’ என்றுதான் பெயர்.

குவில் கார்டனைக் கட்டியவர் தியடோர் கார்டன் (1854–1915). 1890இல் இங்கிலாந்திலிருந்து, மிதக்கும் பூச்சிகளைப் பற்றி நூல் எழுதிய ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்டு அவ்வகையில் சிலவற்றை அவருக்கு அனுப்பிவைத்தார். அவை அமைதியாக நகரும் சுண்ணாம்புப் பாங்கான ஓடைகளுக்காகக் கட்டியவை. கேட்ஸ்கில் ஆறுகளோ பாறையில் மோதி நுரைத்து ஓடுபவை, பூச்சிகளும் வேறு. கார்டன் முறையை எடுத்துக்கொண்டார், பூச்சியைத் தன் ஆற்றைப் பார்த்துக் கட்டினார். ‘ஃப்ளை’ என்ற இடத்தில் ‘ஈ’ என்று போடுவது, ஹால்ஃபோர்டு அனுப்பியதை அப்படியே நெவர்சிங்க் ஆற்றில் வீசுவதுபோலத்தான்.

> ‘வீச்சுத் தூண்டில்’ எப்படி? வீச்சுவலை இருக்கிறதே.

இது எனக்கும் பிடித்திருந்தது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முனையில் கனமே கிடையாது, கனமெல்லாம் கயிற்றில். கழியை முன்னும் பின்னும் ஆட்டிக் கயிற்றைச் சாட்டைபோலக் காற்றில் விரிக்கிறார்கள். அது விரிந்து முடிகிற இடத்தில் பூச்சி மெல்ல இறங்கும். ஆனால் கடற்கரையில் ஈயக்குண்டு கட்டி எறிகிறவரும் வீசத்தானே செய்கிறார்? ‘வீச்சு’ என்பதைக் கயிற்றை எறியும் செயலுக்கு, அதாவது காஸ்டிங்குக்கு, ஒதுக்கிவைப்போம், அங்கே அது கச்சிதம்.

என் பரிந்துரை ‘பொய்ப்பூச்சித் தூண்டில்’. வெறும் ‘பூச்சித் தூண்டில்’ போதாது. சிறுவயதில் எங்கள் ஏரியில் சோளத்தட்டையைத் தக்கையாகக் கட்டி, மண்புழு கிடைக்காத நாளில் வெட்டுக்கிளியைக் கோத்துப் போடுவோம். அதுவும் பூச்சித் தூண்டில்தான். இங்கே வேறுபடுத்துவதே அந்தப் ‘பொய்’.

> ஓர் அருங்காட்சியகத்தின் பெயரில் ‘பொய்’ வரலாமா?

பொய்க்கால் குதிரையாட்டத்தை யாரும் பித்தலாட்டம் என்று சொல்வதில்லை, ஐயா. (மீன் பிடித்த கதை சொல்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.) தவிர, மீன் ஏமாறுவது நமக்குப் பழைய செய்தி. சூதில் வரும் வெற்றியைத் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்கிறது குறள். அங்கே பொன் என்றது இரும்பு முள். முள் வேறு, தூண்டில் வேறு என்பதற்கும் அதுவே சான்று. தூண்டில் என்றாலே முள்தான் என்று நேற்று எழுதியவர் கவனிக்க.

இதில் ஒரு குறை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். ‘ஸ்ட்ரீமர்’ என்ற வகை பூச்சியைப்போல இருக்காது, சின்ன மீனைப்போல இருக்கும். அதையும் பொய்ப்பூச்சி என்பதா? என்னைக் கேட்டால், தாராளமாக. வயிற்றில் இருக்கும் புழுவையும் பூச்சி என்கிறோம். இருட்டில் பாம்பைப் பெயர் சொல்லாமல் ‘பூச்சி’ என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆங்கிலக்காரர் ‘ஃப்ளை’யை இழுத்த தூரத்துக்கு நம் பூச்சியும் வரும்.

மற்றவை சுருக்கமாக. ‘டிரை ஃப்ளை’ மிதபூச்சி, ‘வெட் ஃப்ளை’ மூழ்குபூச்சி. ‘ஹாக்கிள்’ கழுத்திறகு. ‘லீடர்’ என்பதைத் ‘தலைவர்’ என்று யாரும் போட்டுவிடாதீர்கள், கயிற்று முனையில் மீன் கண்ணுக்குத் தெரியாமலிருக்கக் கட்டும் மெல்லிய துண்டு அது, நுனிநரம்பு எனலாம். கட்டுரையில் ‘பிளந்த பிரம்புக் கோல்’ என்று வருவதும் தவறு. அது பிரம்பு அல்ல, மூங்கில். ஹைரம் லெனர்டு போன்ற அமெரிக்கக் கைவினைஞர்கள் மூங்கிலைச் சீவி ஆறு பிளாச்சுகளை அறுகோணமாக ஒட்டிக் கழி செய்தார்கள். நம்மிடம் பிளாச்சு என்ற சொல் இருக்கும்போது வேறு எதற்கு? ‘பிளாச்சுக் கழி’. அந்த மூங்கில் தொடக்கத்தில் நம் பக்கமிருந்துதான் போனது, வணிகத்தில் ‘கல்கத்தா கேன்’ என்றே பெயர். பிறகுதான் சீனாவின் டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்டவருக்கு: ஊட்டி அருகே அவலாஞ்சியில் 1907இலேயே ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்துவிட்டார்கள். நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் வீசியது இதே தூண்டிலைத்தான்.

‘நிம்ஃப்’ ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ‘அணங்கு’ வேண்டவே வேண்டாம். ஓடையில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டு நெளியுமே, சிறகு முளைக்காத பூச்சி, அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? மலையடிவாரத்தில் வளர்ந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.