டெய்லீஸுக்கு காமா 2.4-ஆ, 2.2-ஆ? பொள்ளாச்சிக்காரருக்குப் பதில்

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி: டெய்லீஸ்னா அன்னன்னிக்கு எடுத்த ஃபுட்டேஜை எடிட்டருக்கும் டைரக்டருக்கும் பார்க்கறதுக்கு மாத்திக் குடுக்கறது. காமான்னா சிக்னலைத் திரை எவ்வளவு வெளிச்சமாக் காட்டோணும்ங்கற கணக்கு; மானிட்டர்ல நம்பர் ஏற ஏற நிழல் இருட்டாகும். நேத்து ராத்திரி பொள்ளாச்சி டிஐடி (ஸ்பாட்ல ஃபுட்டேஜைக் காப்பி பண்ணி மாத்திக் குடுக்கறவரு) எழுதினதை அப்படியே எடுத்துப் போடறேன்: "ரெட் ஃபுட்டேஜை எடிட்டுக்கு ப்ரோரெஸ்ஸா மாத்தும்போது ரெக் 709, காமா 2.2 வெச்சாப் போதும். 2.4 டிவி ஸ்டேஷன்காரங்க சமாச்சாரம்." (ரெட் கேமரா பேரு, ப்ரோரெஸ் எடிட்டுக்கான ஃபைல் வகை, ரெக் 709 ஹெச்டி டிவிக்கான கலர் ஸ்டாண்டர்டு.) இதுக்குக் கீழ நாலு பசங்க "நன்றி அண்ணா"ன்னு வேற போட்டிருக்காங்க. வயித்தெரிச்சல் தாங்கல.

மீனாட்சிபுரம் பக்கம் தென்னந்தோப்புல ஒரு குறும்படம் எடுத்தோம். விடியக்காலை, கள்ளு இறக்கறவர் இடுப்புல கத்திப் பொட்டியோட மரத்தடியில நிக்கறாரு. பாதி முகம் இருட்டு. காது மடல்ல மட்டும் ஒரு கோடு வெளிச்சம். அந்த இருட்டுக்குள்ள கண்ணு லேசாத் தெரியோணும், அதுதான் ஷாட்டே. டெய்லீஸ் 2.2-ல வந்துச்சு. என் மானிட்டர் 2.4-ல கேலிபரேட் பண்ணினது. போட்டுப் பார்த்தா கண்ணு இல்ல, குழிதான் இருக்கு. டைரக்டர் எக்ஸ்போஷர் பத்தலைன்னு நெனைச்சுக்கிட்டு மறுநாள் மீதி சீனுக்கு ரெஃப்ளெக்டர் அடிக்கச் சொல்லிட்டாரு. இப்ப ஒரே சீன்ல ரெண்டு விடியக்காலை இருக்கு. 2.4 வெச்சிருந்தா இது நடந்திருக்காது.

பொள்ளாச்சி டிஐடி:
ஏனுங்க, உங்க மானிட்டர் 2.4-ல இருந்ததுக்கு நான் என்ன பண்ணட்டும்? ஃபைல் கூடவே 2.2-ன்னு தாள்ல எழுதிக் குடுக்கறது வழக்கம். தாளைப் படிச்சிருந்தா மானிட்டரைத் திருப்பியிருக்கலாம், ரெண்டு பட்டன்.

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
எதுக்குத் திருப்போணும்? ஐடியு-ங்கற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு பிடி 1886-ன்னு 2011-லயே எழுதி வெச்சுட்டாங்க, 709 படத்தைக் காட்டற ரெஃபரன்ஸ் மானிட்டருக்கு 2.4-ன்னு. கணக்கும் சொல்றேன். 2.2-க்கு மாத்தி எடுத்த ஃபைலை 2.4-ல பார்த்தா, நூத்துல ஒரு பங்கு வெளிச்சம் இருக்கற இடம் இன்னும் மூணுல ஒரு பங்கு மங்கிடும். பாதி வெளிச்சம் இருக்கற இடத்துல கொறையறது 6 சதவீதம்தான். அதனால வானத்தையும் வேட்டியையும் பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குதுன்னுடுவாங்க. சாகறது நிழல் மட்டும். 2.4.

செங்கோட்டை கலரிஸ்ட்:
ரெண்டு பேரும் என்ன வே இப்படி அடிச்சிக்கிடுதீரு? தியேட்டர்ல ப்ரொஜெக்டர் 2.6. 2.4-ம் இல்ல, 2.2-ம் இல்ல.

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
அண்ணாச்சி, 2.6 மாஸ்டருக்கு, தியேட்டருக்குப் போற கடைசிக் காப்பிக்கு. இங்க பேச்சு டெய்லீஸைப் பத்தி. டெய்லீஸுக்கு 2.4.

பொள்ளாச்சி டிஐடி:
டெய்லீஸ் யார் பார்க்கறாங்க? புரொடியூசர் தன்னோட மார்பிள் ஆபீஸ்ல, ஜன்னலெல்லாம் தெறந்து வெச்சுட்டு லேப்டாப்ல பார்க்கறாரு. டைரக்டர் கார்ல போன்ல பார்க்கறாரு. 2.4 இருட்டு ரூமுக்கு. 2.2 பகல் வெளிச்சத்துக்கு. உங்க 2.4 ஃபைலை 2.2 லேப்டாப்ல போட்டா பத்துல ஒரு பங்கு சிக்னல் இருக்கற நிழல் ஒண்ணரை மடங்குக்கு மேல வெளுக்கும், கறுப்பு மேல பால் ஊத்தின மாதிரி. அதைப் பார்த்துட்டு "என்ன தம்பி, கேமரா சரியில்லையா"ன்னு போன் எனக்குத்தான் வருது, உங்களுக்கு வரதில்ல. அப்புறம், நீங்க பெருமையாச் சொல்ற 709 இருக்குதே, அந்த கர்வ் கேமரா பக்கத்து கர்வ், வெளிச்சத்தை சிக்னலா மாத்தறது; திரைக்கு இல்ல. 2.4 அதுக்குப் பல வருசம் கழிச்சு வந்தது.

மூணாறு புதுசு:
அண்ணா, ஒரு சந்தேகம். காமான்னு நீங்க சொல்றது கேமரா லாக் கர்வையா (வெளிச்சத்தை அமுக்கிப் பதியறது), மானிட்டர் செட்டிங்கையா, இல்ல ஃபைல்ல எழுதற டேக்கையா (கலர் அடையாள நம்பர்)? மூணும் வேற வேறன்னு படிச்சேன்.

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
தம்பி, அப்புறம் சொல்றேன்.

பொள்ளாச்சி: "பல வருசம் கழிச்சு வந்தது". அப்ப வந்துச்சுன்னு ஒத்துக்கறீங்கல்ல? அவ்வளவுதான் எனக்கு வேணும். 2.4.

பொள்ளாச்சி டிஐடி:
நான் எதையும் ஒத்துக்கல. கன்ஃபார்ம்ல, அதாவது எடிட் முடிஞ்சு ஒரிஜினலை வெச்சு மறுபடி கோக்கறப்ப, ரெட் கேமராவோட ஒரிஜினல் ஆர்3டி ஃபைலுக்குத்தான் திரும்பிப் போகப் போறோம். ப்ராக்ஸியில (எடிட்டுக்கு மாத்தின ஃபைல்ல) 2.2 இருந்தா என்ன, 2.4 இருந்தா என்ன, கலரிஸ்ட் கையில ரா, அந்த மாத்தாத ஒரிஜினல், இருக்குது. ப்ராக்ஸி காமாவால எந்தப் படமும் கெட்டதில்ல.

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆறு மாசம் அந்த ப்ராக்ஸியைத்தான் டைரக்டர் பார்க்கறாரு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஒரு ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்ததுல எந்த டேக்னு முடிவு பண்றது அதைப் பார்த்து. எங்க வெட்டறதுன்னு முடிவு பண்றதும் அதைப் பார்த்து. கண்ணு தெரியாத டேக்கை யாரும் எடுக்க மாட்டாங்க. நடிப்பு அதுல நல்லா இருந்திருக்கும், தூக்கிப் போட்டிருப்பாங்க. அப்புறம் கலரிஸ்ட் ரா-வை வெச்சுட்டு எதைக் காப்பாத்துவாரு? வெட்டி எறிஞ்ச டேக்கையா? நான் பத்து வருசமா கட் பண்றேன். ஒரு முகம் இருட்டுல இருக்கறதும், முகமே இல்லாம இருட்டா இருக்கறதும் ஒண்ணில்ல. அந்தக் கள்ளுக்காரர் ஷாட்டை இப்பவும் என்னால பார்க்க முடியல. 2.4.

களியக்காவிளை சவுண்ட்:
அண்ணே, காமா கிடக்கட்டும். ட்ரான்ஸ்கோட்ல (ஃபைல் மாத்தறப்ப) செகண்டுக்கு 24 ஃப்ரேமை 25 ஆக்கி அனுப்பினது யாரு? என் ஆடியோ சிங்க் ஆக மாட்டேங்குது.

பொள்ளாச்சி டிஐடி:
இங்க வராதீங்க. அதுக்குத் தனியாக் கேளுங்க.

களியக்காவிளை சவுண்ட்:
சவுண்டுக்காரன்னா எல்லாருக்கும் இளப்பம்தான்.

செங்கோட்டை கலரிஸ்ட்:
ஆப்பிள் மேக்ல பாக்காதீங்கன்னு யாரும் சொல்லலியே? 1-1-1 டேக் (ரெக் 709-ன்னு சொல்லுத மூணு நம்பர்) போட்ட ஃபைலை குவிக்டைம் ப்ளேயர் காமா 1.96 பக்கமா எடுத்து வெளுப்பாக் காட்டும். அதே ஃபைலை வேற ப்ளேயர்ல போட்டா கருத்துத் தெரியும். டாவின்சி ரிசால்வ்ங்குத கலர் சாஃப்ட்வேர்ல 709-ஏ-ன்னு ஒண்ணு வெச்சதே இந்தத் தொல்லைக்குத்தான். நீங்க 2.4, 2.2-ன்னு மல்லுக்கட்டுதீரு, புரொடியூசர் பாக்குதது ரெண்டும் இல்லாத ஒண்ணு.

பொள்ளாச்சி டிஐடி:
அப்படிச் சொல்லுங்கண்ணாச்சி. அதனாலதான் 2.2.

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
அவர் சொன்னது 2.2-ன்னா? எங்க சொன்னாரு? மேக் வெளுப்பாக் காட்டும்னாரு. வெளுப்பாக் காட்டற மிஷினுக்காக ஃபைலைக் கெடுக்கக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். நாளைக்கு மேக்ல கலரைக் கையாளற கலர்சிங்க் மாறும். புரொடியூசர் புது லேப்டாப் வாங்குவாரு. ஒவ்வொருத்தர் வீட்டுத் திரைக்கும் ஒரு ஃபைல் அடிச்சுட்டு இருக்க முடியுமா? ஒரு இடத்துல ஆணி அடிக்கோணும். அந்த ஆணி 2.4.

செங்கோட்டை கலரிஸ்ட்:
நான் உமக்குச் சாதகமாப் பேசல வே. அவருக்கும் இல்ல.

பொள்ளாச்சி டிஐடி:
ஆணி அடிக்கறவர் பத்திப் பேசலாம். 2.4, 2.4-ன்னு கத்தறாரே, பெட்ரோமாக்ஸ் ஷாட் ஞாபகம் இருக்குதா? வி.எஃப்.எக்ஸ்-க்கு ப்ளேட், அதாவது கிராஃபிக்ஸ் சேக்கறதுக்கான அந்த ஷாட், கேட்டாங்க. ரெட் வைட் கேமட், லாக்3ஜி10-ல (ரெட்டோட அகலமான கலர், லாக் கர்வ்) அனுப்ப வேண்டியது. மிடில் கிரேவுக்கு (நடுத்தர சாம்பல்) மேல 10 ஸ்டாப், ஒவ்வொரு ஸ்டாப்பும் ரெண்டு மடங்கு வெளிச்சம், அதுக்குள்ள உக்காரும், மேன்டில் பின்னல்கூட இருந்திருக்கும். இவரு 709, 2.4-ல மாத்தி அனுப்பினாரு. மேன்டில் இருந்த இடத்துல வெள்ளைப் பொத்தல். பசங்க மூணு நாள் அதுக்கு நெருப்பு வரைஞ்சாங்க.

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
அந்த ப்ளேட்டை எந்த நேரத்துல கேட்டீங்க? ராத்திரி ஒரு மணிக்கு, "சீக்கிரம் எதையாவது அனுப்புங்க"ன்னு. எங்கிட்ட இருந்தது ப்ரோரெஸ் மட்டும். ரா யார்கிட்ட இருந்துச்சு? உங்ககிட்ட. என் ஹார்டு டிஸ்க்ல. என் 4 டிபி ஹார்டு டிஸ்க், வாளையாறு தாண்டி வாங்கிட்டுப் போனது, இன்னும் வரல.

பொள்ளாச்சி டிஐடி:
ஹார்டு டிஸ்க்கை கொல்லங்கோட்டுல உங்க அசிஸ்டென்ட் கையில குடுத்தேன். கேட்டுப் பாருங்க.

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
அவன் வாங்கலைங்கறான்.

பொள்ளாச்சி டிஐடி:
அப்ப அவன் 2.2-ல பார்த்திருப்பான், கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க கணக்கு அதுதானே?

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
கிண்டல் வேண்டாம். தோப்புல அந்த மனுசன் நாலு தடவ மரம் ஏறி எறங்கினாரு எங்களுக்காக. அவர் தொழில் நேரத்தை விட்டுட்டு நின்னாரு. ஊர்ல படம் போட்டுக் காட்டறப்ப அவர் வந்து முன்னாடி உக்காருவாரு. தன் முகம் தெரியோணும் அவருக்கு. அதுக்குத்தான் இவ்வளவு எழுதறேன். லேப்டாப், மார்பிள் ஆபீஸ் எதுவும் எனக்கு வேண்டாம். இனிமே எனக்கு வர்ற டெய்லீஸ் எதுவா இருந்தாலும் 2.4. தாள்ல 2.2-ன்னு இருந்தா திருப்பி அனுப்புவேன்.

பொள்ளாச்சி டிஐடி:
அனுப்புங்க. நான் 2.2-லதான் அடிப்பேன். அடுத்த வாரம் கோபாலபுரத்துல ஷூட், எடிட்டர் வேற ஆள், அவருக்கு ஒரு பிரச்சனையும் இல்ல.

மூணாறு புதுசு:
அண்ணா, அந்த ஃபைல் டேக் விஷயம்...

செங்கோட்டை கலரிஸ்ட்:
தம்பி, ரெண்டு பேரும் இப்ப உமக்குப் பதில் சொல்ல மாட்டாவ. ஃபைல்ல ப்ரைமரி, ட்ரான்ஸ்ஃபர், மேட்ரிக்ஸ்னு மூணு நம்பர் இருக்கும். அதைத்தான் 1-1-1-ங்கோம். லாக் கர்வ் அதுல சேராது. தனியா மெசேஜ் போடும், சொல்லுதேன்.

கொழிஞ்சாம்பாறை எடிட்டர்:
அவனுக்குத் தனியா என்ன சொல்லப் போறீங்க, 2.6-ன்னா? இங்கயே சொல்லுங்க. தம்பி, குறிச்சு வெச்சுக்கோ: ரெக் 709, 2.4. நோட்டுல எழுதிக்கோ.

பொள்ளாச்சி டிஐடி:
தம்பி, பென்சில்ல எழுதிக்கோ.

களியக்காவிளை சவுண்ட்:
24-ஆ 25-ஆன்னு இன்னும் யாரும் சொல்லல.