கட்டில்தான் கூலி: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு இரவு

குழு: சோழவந்தான் வீடு

முகிலன், இரவு 8:41
எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. நியூசிலாந்தில் குவீன்ஸ்டவுன் ஊரில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் என்னைத் தன்னார்வலராகச் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார்கள். தினமும் நான்கு மணி நேரம் அறைகளைச் சுத்தம் செய்தால் தங்குமிடம் இலவசம். மூன்று மாதம். விமான டிக்கெட் மட்டும்தான் நம் செலவு.

வசந்தி சித்தி, 8:44
என் பிள்ளை நேற்றிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்பின் தெரியாதவனுக்கு யார் சும்மா இடம் கொடுப்பார்கள்? கயல், நீ நேபாளத்தில் பொக்காராவில் இப்படித்தானே இருக்கிறாய்? நீயே சொல்.

ராமலிங்கம் மாமா, 8:46
சும்மா கொடுக்கவில்லை வசந்தி, வேலை வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கயல், அங்கே ஒரு கட்டிலுக்கு என்ன வாடகை?

கயல், 8:58
இப்போதுதான் கடைசியாக வந்தவருக்குச் சாவி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன் மாமா. எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு ஓர் இரவு 800 நேபாள ரூபாய். நம் 1 ரூபாய்க்கு இங்கே 1.60.

ராமலிங்கம் மாமா, 8:59
அப்படியானால் நம் பணத்தில் 500. வாரத்துக்கு 3,500. எத்தனை மணி நேர வேலை?

கயல், 9:00
நாளுக்கு 5 மணி நேரம், வாரத்தில் 5 நாள். காலை உணவும் ஒரு வேளைச் சோறும் உண்டு.

ராமலிங்கம் மாமா, 9:02
25 மணி நேரத்துக்கு 3,500. மணிக்கு 140 ரூபாய், சாப்பாடு தனி. பரவாயில்லை.

கயலின் அம்மா, 9:03
பாட்டி பக்கத்தில் இருக்கிறார்கள். சோற்றுக்கு என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்கச் சொன்னார்கள்.

கயல், 9:04
பருப்பு, பாட்டி. தினமும் பருப்பும் சோறும் ஒரு கீரையும். தட்டு காலியானால் கேட்காமலே மறுபடி போடுகிறார்கள்.

முகிலன், 9:05
அக்கா, நான் போகலாமா கூடாதா? அதைச் சொல்லுங்கள்.

கயல், 9:14
சொல்கிறேன் தம்பி. முதலில் நான் பட்டதைக் கேள். இங்கே வருவதற்கு முன் வேறோர் ஊரில் ஒரு ஹாஸ்டலில் இருந்தேன் அல்லவா, அதை உங்கள் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. ஐந்து மணி நேரம் என்றுதான் அங்கேயும் பேச்சு. நான் போன மூன்றாம் நாள் வரவேற்பு மேசையில் இருந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். அவனுடைய இரவு முறையும் என் தலையில் விழுந்தது. நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். ஒரு நோட்டில் தேதி போட்டு மணிக்கணக்கை எழுதிக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினேன். "நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்தில் கணக்குப் பார்ப்பார்களா?" என்று கேட்டார். பன்னிரண்டாம் நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பி வருவதற்கும் நான்கு நாள் தங்குவதற்கும் தனியாகப் பணம் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

கயலின் அம்மா, 9:15
பன்னிரண்டு நாளும் தினமும் போனில் பேசினாயே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

கயல், 9:16
கவலைப்படுவீர்கள் என்றுதான் அம்மா. சொல்லியிருக்க வேண்டும், தவறுதான்.

ராமலிங்கம் மாமா, 9:17
54 மணி நேரம். அதே 3,500 என்று வைத்தாலும் மணிக்கு 65 ரூபாய்கூடத் தேறவில்லை.

கயல், 9:27
இங்கே அப்படியில்லை. விரிப்பு துவைக்க, கழிப்பறை கழுவ ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நான் சரி என்றேன். அவர்களை நிறுத்திவிட்டு அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தால் என் கட்டில் இன்னொருத்தியின் சம்பளம் அல்லவா? நான் செய்வது பதிவேடு, சாவி, காலைத் தேநீர், புதிதாக வருபவர்களுக்கு வழி சொல்வது. முந்தாநாள் அன்னபூர்ணா அடிவார முகாமிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார்கள். 4,130 மீட்டர் ஏறிவிட்டு வந்தவர், வயது எழுபதுக்கு மேல். வாசல்படியில் உட்கார்ந்தவருக்கு ஷூவைக் கழற்ற முடியவில்லை, விரல்கள் அவ்வளவு வீங்கியிருந்தன. நான் முடிச்சை அவிழ்த்தேன். காலுறையில் இரத்தம் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைக்கச் சொல்லி, துணி ஊறிய பிறகு மெல்ல உரித்தேன். அவர்கள் பேசிய மொழி எனக்குத் தெரியாது. காலையில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். இதற்காகத்தான் தம்பி நான் வந்தேன். நீயும் போக வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆனால் எந்த விசாவில் கூப்பிடுகிறார்கள்?

முகிலன், 9:29
சுற்றுலா விசாவில் வந்தால் போதும், விமான நிலையத்தில் ஹாஸ்டலைப் பற்றி எதுவும் பேச வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

ராமலிங்கம் மாமா, 9:30
பேச வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்கே போக வேண்டாம்.

கயல், 9:38
மாமா சொல்வதுதான். நியூசிலாந்துச் சட்டத்தில் சம்பளம் வாங்கினால்தான் வேலை என்றில்லை. பணமதிப்புள்ள எந்தப் பயனைப் பெற்றுக்கொண்டு செய்தாலும் அது வேலைதான். தங்குமிடமும் சாப்பாடும் அதில் சேரும். சுற்றுலா விசாவில் செய்யக் கூடாது. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். பிறகு வேறு பல நாட்டு விசாப் படிவங்களிலும் "முன்பு வெளியேற்றப்பட்டீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். இங்கிலாந்திலும் சுற்றுலாவுக்குப் போனவர் பதிவுபெற்ற அறக்கட்டளையில் 30 நாள் வரை மட்டுமே தொண்டு செய்யலாம். தனியார் ஹாஸ்டல் அதில் வராது.

வசந்தி சித்தி, 9:40
கேட்டாயா முகிலா?

முகிலன், 9:41
கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் அம்மா. அப்படியானால் எனக்கு வழியே இல்லையா அக்கா?

கயல், 9:48
இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 462 என்ற எண்ணுள்ள விசா ஒன்று உண்டு. ஊரையும் பார்க்கலாம், வேலையும் செய்யலாம். 2024 முதல் நம் நாட்டவருக்கும் ஆண்டுக்கு 1,000 இடம் கொடுக்கிறார்கள். 18 முதல் 30 வயது வரை. குலுக்கல் முறை என்பதால் போட்டி மிக அதிகம். பள்ளிக்குப் பிறகு இரண்டாண்டுப் படிப்பு வேண்டும், உன் பி.காம். போதும். ஆங்கிலத் தேர்வும் கையிருப்புப் பணமும் காட்ட வேண்டும். பெயரைக் கொடுத்து வை. அது கிடைக்கும்வரை இங்கே வா. 1950 இந்திய-நேபாள ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில் இந்தியரும் நேபாளியரும் ஒருவர் நாட்டில் ஒருவர் தங்கவும் தொழில் செய்யவும் உரிமை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு விசாவே வேண்டாம்.

முகிலன், 9:50
உங்கள் ஹாஸ்டலில் இடம் இருக்கிறதா?

கயல், 9:53
அடுத்த மாதம் ஒருவர் கிளம்புகிறார், காலையில் கேட்டுச் சொல்கிறேன். வேலை நேரம், விடுமுறை நாள், சாப்பாடு மூன்றையும் எழுத்தில் வாங்கித் தருகிறேன். அக்கா இருக்கிறாளே என்று நம்பி, எழுதி வாங்காமல் வந்துவிடாதே. திரும்பும் செலவுக்குப் பணமும் தனியாக எடுத்து வை. கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சோனௌலி எல்லை, தாண்டியதும் பஸ்.

வசந்தி சித்தி, 9:55
நீ அங்கே இருப்பதால் சரி என்கிறேன் கயல். இரண்டு மாதம்தான்.

முகிலன், 9:56
நியூசிலாந்துக்காரர்களுக்கு வர இயலாது என்று இப்போதே எழுதிவிடுகிறேன். எல்லையில் ஆதார் காட்டினால் போதுமா அக்கா?

கயல், 9:57
உன் வயதுக்கு ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. இரண்டையும் கொண்டு வா. இங்கே மணி உங்களைவிட 15 நிமிடம் கூடுதல், நான் படுக்கப் போகிறேன்.

முகிலன், 9:58
அம்மா, என் வாக்காளர் அட்டை எங்கே?

வசந்தி சித்தி, 9:59
பீரோவில் இரண்டாவது தட்டு, வீட்டுப் பத்திரத்துக்கு அடியில். மற்றதைக் கலைக்காமல் எடு.