16 மகாஜனபதங்களின் தமிழ் வரைபடம் தேவை

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் ஏ.எல். பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் இருந்த பெரிய நாடுகளான 16 மகாஜனபதங்களையும் தமிழில் குறித்த தெளிவான வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா?

அவற்றில் ஒன்றான மகதம் ஏன் மற்றவற்றை விழுங்கியது என்பதைப் படமில்லாமல் விளங்கப்படுத்துவது பெரும்பாடு. ஐந்து மலைகள் சூழ்ந்த தலைநகர் ராஜகிருகம், தெற்கே இரும்புத்தாது, காட்டில் யானைகள், கங்கைக்கரை வயல்கள். மகத மன்னன் பிம்பிசாரன் பக்கத்து அங்க நாட்டைப் பிடித்ததும் சம்பா நகரின் ஆற்று வணிகமும் கைக்கு வந்தது. என்னைக் கேட்டால் அதுதான் திருப்பம்; பிள்ளைகளோ அவன் மகன் அஜாதசத்துருவின் போர்களைத்தான் பாடமாக்குகிறார்கள்.

கையிலிருப்பது மங்கிப்போன போட்டோகொப்பி. பாடலிபுத்திரத்துக்குப் பக்கத்தில் சோன் ஆறு கங்கையில் சேருமிடம் வெறும் கறுப்புத் திட்டு! போனில் படம் எடுத்து அனுப்பினாலும் சரி, மட்டக்களப்பு டவுனில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொள்வேன். அடுத்த கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.