தோணி யாருடைய சொல்?

பாம்பன் மருமகன்:
மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கரையில் கிடக்கின்றன, எங்களுக்கும் வாய்ச்சண்டை போட நேரம் கிடைத்திருக்கிறது. மாலத்தீவில் வேலை பார்க்கும் மைத்துனர் விடுமுறையில் வந்தார். அங்கே படகுக்குப் பெயரே ‘தோனி’யாம். “நம் தோணிதான் அங்கே போயிருக்கிறது” என்றேன். “வடமொழிச் சொல் நம்மிடமும் வந்தது, அவர்களிடமும் போனது” என்கிறார் அவர். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். யார் சொல்வது சரி? (கிரிக்கெட் வீரரை யாரும் இழுக்க வேண்டாம்.)

தொண்டித் தமிழன்:
இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? மரத்தைத் தோண்டிச் செய்வது தோணி. புறநானூறு 343ஆம் பாட்டைப் பாருங்கள். சேரர் துறைமுகமான முசிறியில் கலம் கொண்டுவந்த பொன்னைக் கழித்தோணிதான் கரை சேர்க்கிறது. பரணர் யாரிடம் போய்ச் சொல்லைக் கடன் வாங்கினார்?

ஏர்வாடி வாத்தியார்:
தம்பி, பழைய பாட்டில் இருப்பதாலேயே ஒரு சொல் இங்கே பிறந்ததாகிவிடாது. வடமொழியில் ‘துரோணி’ என்றால் மரத்தொட்டி. இறந்துபோன தசரதனைப் பரதன் வரும்வரை எண்ணெய்த் துரோணியில் கிடத்தி வைத்தார்கள் என்கிறது வால்மீகி ராமாயணம். பாலி மொழியில் அந்த ரகரம் உதிர்ந்து ‘தோணி’ என்றே நிற்கிறது. தொட்டி, படகு இரண்டுக்கும் அதே சொல். மரத்தைக் குறிக்கும் ‘த்ரு’தான் வேர். தேவதாருவில் உள்ள தாருவும் ஆங்கிலத்து ‘ட்ரீ’யும் அதற்கு உறவு. துரோணரின் பெயரும் கலத்திலிருந்து வந்ததுதான். கோயிலில் பொங்கல் வாங்குகிறோமே, அந்தத் தொன்னையையும் இதே வீட்டுப் பிள்ளை என்பேன். இந்தியில் இலைக்கிண்ணத்துக்கு ‘தோனா’ என்று பெயர்.

நீங்கள் சொல்லும் ‘தோண்டு’ விஷயத்துக்கு வருவோம். அதிலிருந்து வர வேண்டியது தோண்டி. அது ஏற்கெனவே தண்ணீர் மொள்ளும் பாத்திரமாக இருக்கிறது. தோணியில் மட்டும் டகரம் எந்தக் கடலில் விழுந்தது?

தொண்டித் தமிழன்:
‘வேண்டும்’ என்பது ‘வேணும்’ ஆனபோது விழுந்த அதே கடலில்தான், ஐயா.

ஏர்வாடி வாத்தியார்:
‘வேணும்’ பேச்சு வழக்கு. பரணர் பேச்சு வழக்கிலா பாடினார்?

தொண்டித் தமிழன்:
சரி, அதை விடுங்கள். இதற்குப் பதில் சொல்லுங்கள். மலையாளத்தில் வல்லோசைத் தகரத்துக்கு (‘தலை’யில் வருவது) ஓர் எழுத்து, மெல்லோசைத் தகரத்துக்கு (‘பந்தில்’ வருவது) வேறோர் எழுத்து. தேவன், தானம் போன்ற வடசொற்களை மெல்லோசை எழுத்தில் எழுதுகிறார்கள். தோணியை மட்டும் நம்மைப் போலவே வல்லோசையில் சொல்லி, அப்படியே எழுதுகிறார்கள். துரோணியிலிருந்து வந்த சொல்லுக்கு ஏன் அந்த நிலை?

ஏர்வாடி வாத்தியார்:
நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையாளம் தனியாகப் பிரிவதற்கு முன்பே பாகதம் (பிராகிருதம்) வழியாக வந்திருந்தால், தமிழ் வாயில் நுழைந்ததும் முதலெழுத்து வல்லோசையாகிவிடும். கன்னடரும் மாலத்தீவினரும் இன்றும் மெல்லோசையில்தான் சொல்கிறார்கள்.

தங்கச்சிமடத்து அக்கா:
எங்கள் கரையில் மீனுக்குப் போகிறவர்கள் யார் தோணி என்கிறார்கள்? வத்தை, வல்லம், நாட்டுப்படகு, விசைப்படகு, அவ்வளவுதான். தோணி என்றால் எங்களுக்குச் சரக்கு ஏற்றிப் போவது. பனையையும் உடைமரத்தையும் வைத்துக்கொண்டு நாம் எதைத் தோண்டினோம்? குடைகிற அளவுக்குப் பெரிய மரம் மலையாளத்துப் பக்கம்தான். தம்பி காட்டிய முசிறியும் அங்கேதான் இருக்கிறது.

கீழக்கரை காக்கா:
அக்கா சொல்வது சரி. என் வாப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது மாலுமித் தலைவராக, இருந்தவர். அது விலாக்கட்டை நிறுத்திப் பலகை அடித்த கப்பல். அதில் தோண்டியது எதுவும் இல்லை. காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவின் மாலேவுக்குத்தான் போகும். அங்கேயும் தோனி நிற்கும், ஆனால் அது அவர்களுக்கு அன்றாடப் படகு. ஒரே துறைமுகத்தில் ஒரே பெயரில் இரண்டு வகை. (வாப்பா பிடித்த சுக்கான் அரபுச் சொல். அதை ஒருநாளும் அவர் அந்நியமாக நினைத்ததில்லை.)

நீங்கள் போடும் சண்டை 1886லேயே அச்சாகிவிட்டது. யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில், துரோணம்தான் மூலம் என்று மலையாள அகராதி தொகுத்த குண்டர்ட் கருதுவதாக எழுதிவிட்டு, தமிழ்த் தோண்டுதலோடும் தொடர்பு இருக்கலாம் என்று உடனே சேர்த்திருக்கிறார்கள். அதே இடத்தில் 70 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள தோணி ஒன்றும் வருகிறது. 20 அடி அகலத்தை எந்த மரத்தில் குடைவது? அந்தக் காலத்திலேயே பெயர் மட்டும்தான் பழையது, சாமான் வேறு.

தொண்டித் தமிழன்:
காக்கா, நீங்கள் எந்தப் பக்கம்?

கீழக்கரை காக்கா:
டகரம் போன கணக்கை நீங்கள் காட்டவில்லை. தொட்டி எந்தக் கரையில் படகானது என்று வாத்தியார் காட்டவில்லை. இரண்டில் ஒன்று வரட்டும், பிறகு பக்கம் சொல்கிறேன்.

ஏர்வாடி வாத்தியார்:
தொட்டிதான் முந்தைய பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்தக் கரை என்பதை என்னால் காட்ட முடியாது. பாலியில் படகுப் பொருள் இருக்கும்வரை என் கட்சியை விடப்போவதும் இல்லை.

பாம்பன் மருமகன்:
எல்லாவற்றையும் மைத்துனரிடம் காட்டினேன். 1886 அகராதிச் செய்தியில் குண்டர்ட் வரைக்கும் படித்துவிட்டு, தான் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

தங்கச்சிமடத்து அக்கா:
அதற்கு அடுத்த வரியிலிருந்து நீங்கள் படித்திருப்பீர்கள்.