சனி இரவு அயர்லாந்து – தென்னாப்பிரிக்கா: அந்த 7-1 பெஞ்ச் துணிச்சலா, விபரீதமா?

நள்ளிரவு_ரசிகன் (செப்டம்பர் 20, 2023)

ரக்பி பார்க்க ஆரம்பித்ததே 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில்தான். விதிகள் ஓரளவு தெரியும், நுணுக்கம் அவ்வளவாகப் பிடிபடாது, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவு (நமக்கு ஞாயிறு அதிகாலை 12:30) பாரிஸில் தரவரிசையில் முதலிடத்தில் இருக்கும் அயர்லாந்தும் இரண்டாமிடத்தில் இருக்கும் தென்னாப்பிரிக்காவும் மோதுகின்றன. 1987 முதல் உலகக் கோப்பை நடக்கிறது, இந்த இரண்டு அணிகளும் அதில் நேருக்கு நேர் வருவது இதுதான் முதல் முறையாம். தென்னாப்பிரிக்கா அணியை அறிவித்துவிட்டார்கள். மாற்று வீரர்கள் (பெஞ்ச்) எட்டுப் பேரில் ஏழு பேர் ஃபார்வர்ட் (முட்டித் தள்ளுகிறவர்கள்), ஒரே ஒருவர்தான் பேக் (பந்தோடு ஓடுகிறவர்), அதுவும் ஸ்க்ரம்-ஹாஃப், அதாவது பந்தை எடுத்து வீசித் தொடங்கிவைக்கும் கோபஸ் ரெய்னாக். அப்படியென்றால் பத்தாவது நிமிடத்தில் ஒரு விங்கருக்கும் இருபதாவது நிமிடத்தில் ஒரு சென்டருக்கும் (இருவரும் பேக்தான்) அடிபட்டால் என்ன செய்வார்கள்? இது உண்மையிலேயே யோசித்துச் செய்ததா, இல்லை எதிரணியைப் பயமுறுத்தும் வேலையா? அப்புறம் இன்னொன்று: இந்த இரண்டு அணிகளும் இருக்கும் பி பிரிவில் முதலிடம் பிடித்தால் பெரிய லாபம் ஏதாவது உண்டா? எப்படியும் காலிறுதியில் ஃபிரான்ஸோ நியூஸிலாந்தோதானே காத்திருக்கிறது?

மூன்றாம்_நம்பர்

நல்ல கேள்விதான், சின்னப்பிள்ளைத்தனம் ஒன்றும் இல்லை, ஓய்வுபெற்ற பயிற்சியாளர்களே இதைப் பற்றித்தான் தொலைக்காட்சியில் அடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு. 23 பேர் அணியில் எட்டுப் பேர் பெஞ்ச். அந்த எட்டில் மூன்று இடம் பயிற்சியாளர் கையிலேயே இல்லை. ஸ்க்ரம் என்பது இரு அணி ஃபார்வர்டுகளும் கட்டிக்கொண்டு முட்டித் தள்ளுவது; அதன் முன்வரிசைக்கு, அதாவது இரண்டு ப்ராப், ஒரு ஹூக்கர், இந்த மூன்றுக்கும் அதே வேலையில் பழகிய மாற்று ஆள் இருந்தே ஆக வேண்டும். பழகாத ஒருவரை அங்கே நிறுத்தினால் கழுத்துக்கே ஆபத்து, அதனால்தான் விதி. ஆக விளையாட்டுக் காட்ட மிச்சம் இருப்பது ஐந்து இடம். வழக்கமாக அதில் இரண்டு ஃபார்வர்ட், மூன்று பேக் (5-3 என்பது அதுதான்). 2019-இல் தென்னாப்பிரிக்கா 6-2 வைத்து ஆடியது, 'பாம் ஸ்குவாட்' (வெடிகுண்டுப் படை) என்ற பெயர் அந்த பெஞ்சுக்கு அப்போது ஒட்டிக்கொண்டது. இப்போது ஐந்தில் நான்கை ஃபார்வர்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஏன் என்றால், ஓடுகிறவனைவிட முட்டுகிறவன் சீக்கிரம் களைத்துப்போகிறான். ஒரு அணியின் எட்டு ஃபார்வர்டுகள் சேர்ந்தால் 900 கிலோவைத் தொடும் எடை. ஒவ்வொரு ஸ்க்ரம்மிலும் அதைத் தள்ளிவிட்டு, உடனே எழுந்து ஓடி, ஒருவனை வீழ்த்தி, தரையில் கிடக்கும் பந்துக்கு மல்லுக்கட்டி, மறுபடி எழுந்து ஓட வேண்டும். ஐம்பதாவது நிமிடத்தில் காது சிவந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஒருவன் முன்னால் புதிதாக ஆர்ஜி ஸ்னைமன் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 2.06 மீட்டர். பக்கத்திலேயே ஜான் க்ளெய்ன், பின்னால் க்வாகா ஸ்மித், மார்கோ ஃபான் ஸ்டாடன். அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

அடிபட்டால் என்ன என்று கேட்டீர்கள். பேக்குகளில் டேமியன் வில்லெம்ஸ கடைசி ஆளாகப் பின்னாலும் ஆடுவார், சென்டரிலும் ஆடுவார், ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃபும் ஆடுவார். செஸ்லின் கோல்பியும் எங்கே போட்டாலும் சமாளிப்பார். க்வாகா ஸ்மித் ஃபார்வர்ட் என்றாலும் அணிக்கு ஏழே பேர் ஆடும் ரக்பியில் வளர்ந்தவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தவர், விங்கில் தள்ளினாலும் பிழைத்துக்கொள்வார். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேக்குகள் வெளியே போனால் தலைவலிதான், அதை மறுக்க முடியாது.

போன மாதம் ட்விக்கன்ஹாமில் நியூஸிலாந்துக்கு எதிராக இதை ஒரு முறை பார்த்துவிட்டோம். அன்று பெஞ்சில் இருந்த பேக் வில்லி லெ ரூ கடைசி நேரத்தில் விலகியதால் அவர் இடத்தில் க்வாகா ஸ்மித்தைப் பெஞ்சில் சேர்த்தார்கள், அப்படி அமைந்ததுதான் 7-1. முடிவு 35-7, நியூஸிலாந்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. அன்று அதிர்ஷ்டத்தில் வந்ததை இன்று வேண்டுமென்றே செய்கிறார்கள்.

லிஃபிக்கரை (செப்டம்பர் 21)

டப்ளினில் இருந்து எழுதுகிறேன், எனவே நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் அணியும் வந்துவிட்டது, வழக்கமான 5-3தான், பயிற்சியாளர் ஃபேரல் அசரவில்லை. மூன்றாம்_நம்பர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஸ்க்ரம் இல்லாத நேரம்தான் ஆட்டத்தில் அதிகம் என்பதை அவர் சௌகரியமாக விட்டுவிட்டார். அயர்லாந்து ஆடும் விதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பந்து தரையில் விழுந்த மாத்திரத்தில் எங்கள் ஸ்க்ரம்-ஹாஃப் கிப்சன்-பார்க் அதை எடுத்து வீசிவிடுவார், அதற்குள் மூன்று பேர் மூன்று வெவ்வேறு கோணத்தில் ஓடி வந்துகொண்டிருப்பார்கள், யாருக்குப் பந்து போகும் என்று தடுப்பவனுக்குத் தெரியாது. ஃப்ளை-ஹாஃப் செக்ஸ்டனுக்கு 38 வயது, கால் வேகம் குறைந்திருக்கலாம், தலை வேகம் குறையவில்லை. போன சனிக்கிழமை டோங்காவுக்கு எதிராக ரோனன் ஓ'காராவைத் தாண்டி அயர்லாந்துக்காக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஆகிவிட்டார். இத்தனைக்கும் நடுவரிடம் தகராறு செய்ததற்கு மூன்று ஆட்டம் தடை வாங்கிவிட்டு வந்தவர்! சென்டர் பண்டீ ஆக்கி இதுவரை ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவது) அடித்திருக்கிறார். அயர்லாந்துக்குத் தொடர்ந்து 15 வெற்றி. அதில் ஒன்று போன நவம்பரில் இதே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 19-16.

இன்னொரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் மால்கம் மார்க்ஸ் முழங்கால் காயத்தால் ஊருக்குப் போய்விட்டார். தரையில் கிடக்கும் பந்தின் மேல் கவிழ்ந்து பிடுங்குவதில் அவரைப் போல ஒரு ஹூக்கர் உலகத்தில் இல்லை. எங்கள் வேகமான ஆட்டத்தைக் கெடுக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இப்போது போங்கி ம்போனாம்பிக்கு மாற்று டியான் ஃபூரி. திங்கட்கிழமை அவருக்கு 37 முடிகிறது, பல வருடமாக ஹூக்கராக இல்லாமல் ஃப்ளாங்கராக (ஸ்க்ரம்மின் பக்கவாட்டில் நிற்கும் ஃபார்வர்ட்) ஆடிக்கொண்டிருப்பவர். லைன்அவுட்டில் (வெளியே போன பந்தை ஹூக்கர் உள்ளே எறிய, இரு அணியும் எம்பிப் பிடிப்பது) அவர் பந்து எறியும்போது எங்கள் ஃபார்வர்ட் பயிற்சியாளர் ஓ'கானல் பயிற்சி கொடுத்த ஆட்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா?

பயமே இல்லையா என்றால், உண்டு. தென்னாப்பிரிக்காவை வழிநடத்தும் எராஸ்மஸும் நினாபரும் எங்கள் நாட்டு மன்ஸ்டர் அணியில் வேலை பார்த்தவர்கள், நினாபர் கோப்பை முடிந்ததும் இங்கேயே இன்னொரு அணியான லென்ஸ்டருக்கு வரப்போகிறார். ஃபீலிக்ஸ் ஜோன்ஸ் அயர்லாந்துக்காரர், அவர்களுடைய பயிற்சிக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்னைமன், க்ளெய்ன் இரண்டு பேரும் மன்ஸ்டர் வீரர்கள். அதிலும் க்ளெய்ன் 2019 உலகக் கோப்பையில் பச்சைச் சட்டை போட்டு அயர்லாந்துக்கு ஆடியவர்! வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்து வைத்திருப்பவன் திருட வருகிற மாதிரி இருக்கிறது.

கண்டிப்_பொடியன்

றக்பியில கடைசியில் கோல் உதைதான் பேசும், நீங்கள் இருவரும் அதைத் தொடவே இல்லை.

தென்னாப்பிரிக்க ஃப்ளை-ஹாஃப் மானி லிபொக் பந்தை வைத்துச் செய்யும் வித்தைக்கு நானும் அடிமைதான். ஸ்கொட்லாந்துக்கு எதிராக ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் உதைத்து விங்கர் அரெண்ட்ஸவிடம் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தாரே, அந்த ட்ரையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அப்பவும் எப்படிச் செய்தார் என்று விளங்கவில்லை. ஆனால் அதே ஆள் அதே ஆட்டத்தில் கம்பத்துக்கு நடுவில் உதைக்க முடியாமல் தடுமாற, ஸ்க்ரம்-ஹாஃப் டி க்ளெர்க் வந்து உதைக்க வேண்டியதாகப் போனது. ஸ்கொட்லாந்தோடு 18-3 என்று முடிந்ததால் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அயர்லாந்தோடு இடைவெளி மூன்று, நான்கு புள்ளியாகத்தான் இருக்கும். ஒரு பெனால்டி உதைக்கு 3, ட்ரைக்குப் பின் வரும் கன்வர்ஷன் உதைக்கு 2, இரண்டைத் தவறவிட்டால் ஆட்டம் போச்சு. போன வருடம் டப்ளினிலும் உதைகளை வீணாக்கித்தான் தோற்றார்கள்.

இதில் வேடிக்கை, மார்க்ஸுக்குப் பதிலாக அவர்கள் கூப்பிட்டது இன்னொரு ஹூக்கரை இல்லை, ஹண்ட்ரே பொலார்டை! 2019 இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராக 22 புள்ளி உதைத்த மனிதர். வந்து சேர்ந்துவிட்டார், சனிக்கிழமைக்கான 23-இல் அவர் பெயர் இல்லை. 7-1 என்று முடிவெடுத்த பிறகு அவருக்கு எங்கே இடம்? என்னைக் கேட்டால் அந்தப் பெஞ்சின் உண்மையான விலை இதுதான், விங்கருக்கு அடிபடுவது கிடையாது. எழுபதாவது நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கும்போது உதைக்க ஆள் தேடுவதுதான்.

கேப்டவுன்_கதிர் (செப்டம்பர் 22)

வேலை நிமித்தமாக வந்து இங்கேயே தங்கிவிட்டவன். வெள்ளிக்கிழமை ஆனால் அலுவலகத்தில் பாதிப் பேர் பச்சைச் சட்டையில் வருகிறார்கள், இன்றைக்கு மேலாளரே அப்படித்தான் வந்தார்.

நள்ளிரவு_ரசிகனின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. குலுக்கல் 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது, அதுவும் அந்த வருடத் தொடக்கத் தரவரிசையை வைத்து. அதனால்தான் முதல் ஐந்து அணிகளும் ஒரே பக்கம் மாட்டிக்கொண்டிருக்கின்றன, எதிர்ப்பக்கத்தில் வேல்ஸ், இங்கிலாந்து, அர்ஜென்டினா எல்லாம் காற்று வாங்குகின்றன. மூன்று வருடம் முன்னால் குலுக்கிய புத்திசாலி யாரென்று தெரிந்தால் கொஞ்சம் பேச வேண்டும்.

பி பிரிவில் முதலிடம் பிடிப்பவருக்கு ஏ பிரிவில் இரண்டாமிடம் கிடைக்கும். ஃபிரான்ஸ் தொடக்க ஆட்டத்திலேயே நியூஸிலாந்தை 27-13 என்று சாய்த்துவிட்டதால், அது பெரும்பாலும் நியூஸிலாந்து. தோற்பவருக்கு ஃபிரான்ஸ், அதுவும் அவர்கள் மைதானத்தில், அவர்கள் கூட்டத்துக்கு நடுவில். நேற்று இரவு வரை யாரைக் கேட்டாலும் எதிரில் நியூஸிலாந்து வருவதே மேல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஃபிரான்ஸ் நமீபியாவை 96-0 என்று நசுக்கிய ஆட்டத்தில் அவர்கள் கேப்டன் டுபோன்டுக்குக் கன்ன எலும்பு முறிந்துவிட்டது. அவர் எப்போது திரும்புவார் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

என் அபிப்பிராயத்தில் தென்னாப்பிரிக்கா இதில் தோற்றாலும் வலிக்காது. 2019-இல் முதல் ஆட்டத்தில் நியூஸிலாந்திடம் தோற்றுவிட்டுத்தான் கோப்பையை வாங்கினார்கள். அடுத்து டோங்காதான் மிச்சம். அயர்லாந்து தோற்றால் கதை வேறு. அக்டோபர் 7 அன்று ஸ்காட்லாந்து காத்திருக்கிறது, அந்த ஆட்டம் வாழ்வா சாவா ஆகிவிடும். ஏழு புள்ளி அல்லது அதற்குள் தோற்றால் கிடைக்கும் அந்த ஒரு போனஸ் புள்ளிக்காகவே கடைசி ஐந்து நிமிடம் ரத்தம் சிந்துவார்கள் பாருங்கள்.

லிஃபிக்கரை

கதிர், காலிறுதியில் யார் வந்தால் நல்லது என்று தேர்ந்தெடுக்கும் வசதி எங்களுக்குக் கிடையாது. ஏழு முறை காலிறுதி ஆடி ஏழிலும் தோற்ற ஊர் இது. எவன் வந்தாலும் ஒன்றுதான். சனிக்கிழமை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்டி நண்பருக்கு: செக்ஸ்டனும் தவறவிடுவார், நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம், வெளியில் சொல்வதில்லை.

நள்ளிரவு_ரசிகன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆட்டமே ஐம்பதாவது நிமிடத்தில் அந்த ஏழு பேரும் இறங்கும்போதுதான் சூடு பிடிக்கும் போல. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம் வேறு இருக்கிறது. 1:30-க்கு அலாரம் வைத்து எழுந்தால் போதுமா?

மூன்றாம்_நம்பர்

போதாது தம்பி. முதல் இருபது நிமிடத்தைத் தூங்கிக் கழித்தால் கடைசி இருபது நிமிடத்தில் நடப்பதற்குக் காரணமே புரியாது.

முதல் இரண்டு மூன்று ஸ்க்ரம்மில் ஆண்ட்ரூ போர்ட்டரை மட்டும் பாருங்கள், அயர்லாந்தின் 1-ஆம் நம்பர், அதாவது இடது பக்க ப்ராப். முன்பு வலது பக்கம் 3-ஆம் நம்பராக ஆடியவர், 2021 வாக்கில் இடது பக்கம் மாற்றினார்கள். நேராகத் தள்ளாமல் உள்பக்கமாகச் சாய்கிறார் என்று நடுவர்கள் அடிக்கடி அவரைப் பிடிப்பதுண்டு. எதிரில் நிற்பது தென்னாப்பிரிக்காவின் ஃபிரான்ஸ் மல்ஹெர்ப, அசைக்க முடியாத மனிதர். நடுவர் நியூஸிலாந்தின் பென் ஓ'கீஃப். அவர் முதல் பெனால்டியை யாருக்குக் கொடுக்கிறார், இரண்டாவது முறை கீழே விழும்போது யார் பக்கம் கை நீட்டுகிறார் என்று கவனியுங்கள். அயர்லாந்துக்கு எதிராகப் போனால், தென்னாப்பிரிக்கர்கள் ஒவ்வொரு பெனால்டியையும் மூலைக்கு உதைத்து, லைன்அவுட் எடுத்து, எட்டுப் பேரும் சேர்ந்து பந்தை உருட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டப் பார்ப்பார்கள். லிபொக்கின் கோல் உதைக்கு வேலையே வராது. தென்னாப்பிரிக்காவின் ஆக்ஸ் ஞ்சே பெஞ்சிலிருந்து வந்து அந்தப் பக்கம் அயர்லாந்தின் ஃபின்லே பீலமுக்கு எதிராக நிற்கும்போது இன்னும் மோசமாகும். மாறாக, நடுவர் போர்ட்டரை விட்டுவிட்டால் ஸ்க்ரம் சீக்கிரம் முடிந்து பந்து கிப்சன்-பார்க் கைக்குப் போகும். அப்புறம் ஏழு ஃபார்வர்ட் என்ன, பதினைந்து ஃபார்வர்ட் இறக்கினாலும் துரத்திக்கொண்டுதான் ஓட வேண்டும்.

என் கணிப்பு தென்னாப்பிரிக்கா நான்கு புள்ளியில். டப்ளின்காரர் திட்டலாம். கிரகப்பிரவேசத்துக்கு நேராகப் பந்திக்குப் போய்ச் சேருங்கள், 12:20-க்கு அலாரம் வையுங்கள்.